தொள்ளாயிரம் டாலர்

மார்ச் கடைசி வாரம்.
மெயின் மாநிலத்தின் வடகோடியில்
ஆற்றுப் பனி இன்னும் உடையவில்லை.
ஜெர்வேயின் பட்டறை லிஃப்டில்
சக்கரங்கள் தொங்க நிற்கிறது என் பிக்கப்,
மருத்துவர் மேசையில் தூக்கி வைத்த
கிழட்டு நாய்போல, யார் முகத்தையும் பாராமல்.

இருபத்திரண்டு வயது.
இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் மைல்.
சுழியத்துக்குக் கீழே முப்பதிலும்
சாவியை ஒருமுறை திருப்பினால் போதும்,
தொண்டையைச் செருமாமல் பேசத் தொடங்கும் எஞ்சின்.

ஜெர்வே வாயைத் திறக்கவில்லை.
சின்னச் சுத்தியலால் முன்னிருந்து
தட்டிக்கொண்டே வந்தான்,
சந்தையில் பானை வாங்குகிறவள்
தட்டிப் பார்ப்பதுபோல.
டங்.
டங்.
டங்.
ஓட்டுநர் இருக்கைக்கு நேர் கீழே
தொப்.
நனைந்த அட்டைப்பெட்டியின் குரல்.

ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினான்.
பிடி வரைக்கும் போனது.
அப்பளம் அப்பளமாய்த் துரு
அவன் தொப்பிமேல் நொறுங்கியது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை.
நவம்பர் முதல் ஏப்ரல் வரை
சாலைக்கு உப்பிட்டார்கள்.
இந்த இரும்பு அவர்களில் ஒருவரையும் மறக்கவில்லை.

“இந்தக் கறுப்புப் பூச்சு யார் போட்டது?
ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.”

நான்தான்.
நாலு வருடம் முன்பு ஓர் அக்டோபர் ஞாயிறு
அட்டையை விரித்து மல்லாந்து படுத்து
இரண்டு டப்பா ரப்பர் பெயிண்ட்.
பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான்.
புண்ணைக் கழுவாமல் கட்டுப்போட்ட கை இது.
“வாங்கும்போதே இருந்தது” என்றேன்.
ஜெர்வே தொப்பியை உதறிக்கொண்டான்.

தீவனக்கடை ரசீதின் முதுகில் கணக்கு:
இரும்பு வெட்டி வெல்டிங், நாலாயிரத்து இருநூறு.
உப்பறியாத தெற்கிலிருந்து வேறு சேசிஸ்,
ஏழாயிரம், ஆறு வாரம்.
வண்டியின் விலை, கிறுக்கன் வந்தால் இரண்டாயிரம்.
பனி தள்ளப் பதினொரு வீடுகள்,
வீட்டுக்கு நாற்பது டாலர்.
கூட்டினேன்.
கீழிருந்து மேலாகவும் கூட்டினேன்.
அதேதான் வந்தது.

“ஒரு தகடு வைத்து ஒட்டச் சொல்லேன்”
என்றாள் போனில் லுசெட்.
அதையும் கேட்டேன்.
“ஒட்டலாம்” என்றான் ஜெர்வே,
“எதோடு?”

துணி இருந்தால்தானே ஒட்டுப்போட.

ஸ்டிக்கர் கிடைக்கவில்லை.
பின்பாதைகள் வழியே ஊர்ந்து வந்தேன்,
ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடித்தபடி.
முற்றத்தில் நிறுத்தி அணைக்குமுன்
சத்தம் கேட்டு வந்துவிட்டான் கோல்பி,
எதிர்வீட்டுக்குப் புதிதாய்க் குடிவந்த பையன்.
விறகு ஏற்ற வண்டி வேண்டுமாம்.
ஜூனில் குழந்தை பிறக்கப்போகிறதாம்.
எஞ்சினுக்குக் காது கொடுத்துச் சிரித்தான்.
டயரை ஓர் உதை.
சட்டைப்பையிலிருந்து
எண்ணி மடித்த தொள்ளாயிரம் டாலர்.

“சேசிஸ் நன்றாயிருக்கிறதா?
கீழே புதுசாய்ப் பூசினமாதிரி இருக்கே.”

வாங்கும்போதே இருந்தது
என்ற வாக்கியம்
நாக்கில் தயாராய் நின்றது.
ஒருமுறை சொன்ன பொய்க்கு
இரண்டாம் முறை வழி காட்ட வேண்டியதில்லை.

உள்ளே போய்ச் சுத்தியல் எடுத்துவந்தேன்.
“பூசியது நான். படுத்துத் தட்டிப் பார்.”

பனியில் முதுகைத் தேய்த்து நுழைந்தான்.
டங்.
டங்.
தொப்.
அப்புறம் வெகுநேரம் சத்தமில்லை.
அவன் பூட்ஸ் இரண்டும் மட்டும்
வெளியே, வானத்தைப் பார்த்து.

புருவமெல்லாம் துருவோடு எழுந்து
பணத்தைப் பைக்குள் வைத்தான்.
போய்விடுவான் என்றிருந்தேன்.

“எஞ்சின் மட்டும் என்ன விலை?
மாமாவிடம் ஒரு நல்ல சேசிஸ் கிடக்கிறது,
எஞ்சின் வெடித்தது.”

எண்ணூறு என்றேன்.
அறுநூறு என்றான்.
இருட்டும்வரை நின்றோம்.
எழுநூறில் எனக்கும் அவனுக்கும்
நாற்பது டாலர் இடித்தது,
ஒரு வீட்டுப் பனி.

சனிக்கிழமை கட்டர் கொண்டுவருகிறான்.
பனித்தகட்டை நான் விற்கவில்லை.